செப்பு முகம்

என் கணவர் விதுர்சன் கடைசியாகச் சாப்பிட்டது ஓர் உளுந்து வடை. சாப்பிட்டுவிட்டு எண்ணெய்க் கையைக் காற்சட்டையில் துடைத்தார். அதற்குப் பிறகு நடந்ததைப் பொலிஸ் நம்பவில்லை. என் தாய்கூட நம்பவில்லை. ஆனால் அந்த அறைக்குள் இருந்தது நான்.

போன தை மாதம். எங்கள் முதலாவது கலியாண நாள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அவருக்கு இரண்டு நாள் லீவு கிடைத்தது. பழைய மொன்றியலில் ஒரு கல் கட்டட ஹோட்டலில் அறை எடுத்தோம். உரிமையாளர் நேபாளத்து நேவார் இனத்தவர். தலை குனிந்து நுழையும் வாசல், ஆணி அடிக்காத கதவு, மயில் செதுக்கிய மரச் சன்னல்... எல்லாம் அங்கிருந்து கப்பலில் வந்தவை. கட்டிலுக்கு நேரே சுவரில் செம்பினால் செய்த ஒரு முகம். உருட்டிய விழி. கோரைப் பல். அகலத் திறந்த வாய்.

"இஞ்ச பார், எங்கட வைரவர்! எங்களுக்கு முந்தியே விசா எடுத்திட்டார்."

ஊரில் விதுர்சன் வீட்டில் வைரவருக்கு வடை படைக்காமல் எதையும் தொடங்க மாட்டார்கள். கொண்டுவந்த வடைகளில் ஒன்றை எடுத்து அந்த வாய்க்குள் வைத்தார். கை மணிக்கட்டு வரை உள்ளே போனது.

"எண்ணெய் வடியப்போகுதப்பா. ஹோட்டல்காரர் பேசுவினம். எடுங்கோ."

"படைச்சதை உடன எடுக்கிறதோ?"

"அப்ப நீங்களே சாப்பிடுங்கோ."

எடுத்தார். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். மாலை 4.20.

4.31. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அறைக்குள் யாரோ மெல்லும் சத்தம்... ஈரமாக.

"இன்னும் சாப்பிடுறீங்களோ?"

"இல்லையே."

4.44. விளக்கு அணைந்தது.

"ஆர்த்திகா..."

"என்ன?"

"ஆரோ என்ர கையை மணக்கினம்."

"பகிடி விடாதேங்கோ."

"அசையாத..."

கரும்பைக் கடித்து முறிப்பதுபோல் ஒரு சத்தம். அவர் அலறினார். எதுவோ அவரைத் தூக்கி மயில் சன்னலில் அடித்தது. மறுபடி அடித்தது. மரம் பிளந்தது. என் முகத்தில் சூடாகத் தெறித்தது.

அவர் காலைப் பிடித்து இழுத்தேன்.

மறுபக்கமும் இழுத்தது.

"கதவை... திற..."

நான் காலை விட்டேன். ஓடினேன். மரத் தாழ்ப்பாள் அசையவில்லை. தோளால் இடித்தேன்.

அலறல் நின்றது.

பிறகு... மெல்லும் சத்தம்.

4.52. தாழ்ப்பாள் தானாக விழுந்தது.

அவருடைய தொண்டையும் வலக்கையும் கடிபட்டிருந்தன. அந்த ஹோட்டலில் நாய் இல்லை.

நாலு மாதம் கழித்து, உரிமையாளர் துக்கம் விசாரிக்கப் பியர்பொன்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தார். அந்த வாய்க்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. கைபேசியில் படம் காட்டினார். ஒரே செப்புத் தகட்டைப் பின்புறமிருந்து தட்டித் தட்டி எழுப்பிய முகம் அது, எங்கும் வெட்டவில்லை, துளையும் இல்லை என்றார்.

படத்தில் உதடுகள் இறுக மூடியிருந்தன. மாட்டிய நாளிலிருந்து அப்படித்தானாம்.

விதுர்சனின் வலக்கையில் மூன்று விரல்கள் இருக்கவில்லை. பொலிஸ் நிலப் பலகைகளைக்கூடப் பெயர்த்துத் தேடியது.

இன்றுவரை கிடைக்கவில்லை.