சோற்றுக்கு முன் அண்ணரின் டாங்கோ

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஆறாம் வகுப்போடு வயலுக்குள் இறங்கியவன். அண்ணர் செத்து ஒரு வருசமாகிறது, ஆட்டைத்திவசத்துக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும் என்றார்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

அண்ணர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். எங்கள் ஐயாவுக்கு வன்னியில், ஸ்கந்தபுரத்தில், காணி கிடைத்தபோது அவர் கைக்குழந்தை. இளவயதில் கொழும்புக்குப் போய் ஒரு ஹோட்டலில் மேசை துடைத்தார். மாலையில் அங்கே பியானோ வாசித்த பறங்கியரைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். பிறகு அந்தப் பியானோக் கதிரையில் அண்ணரே இருந்தார். டாங்கோ என்பது ஆணும் பெண்ணும் அணைத்து நின்று ஆடும் ஆட்டத்துக்கான இசை. அதில் சொந்தமாக மெட்டுகள் கட்டினார். கலவரம் வந்தது. ஊர் திரும்பினார்.

ஊரில் அவருக்குக் கிடைத்த பெயர் 'கட்டிப்பிடி மாஸ்ரர்'. வைத்தவர்கள் சொந்தக்காரர்கள்தான். அண்ணர் சிரித்துவிட்டு வயல் செய்தார். வவுனியாவில் ஒரு பழைய பங்களாவிலிருந்து பியானோ ஒன்றை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வந்தார். இடம்பெயர்ந்தபோது அதை விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது உள்ளே இருந்த இரும்பை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வெள்ளைக் கட்டைகள் கோழிக்கூட்டடியில் கிடந்தன.

"கறையானுக்கு ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை" என்றார் அண்ணர்.

பிறகு கீபோர்ட் ஒன்று வாங்கிக் கலியாண வீடுகளில் வாசித்தார். கடைசியாகக் கட்டிய டாங்கோவுக்குச் 'சேற்றுக்கால்' என்று பெயர் வைத்தார்.

"வயலுக்க நடக்கிறதுதான்ரா இது. ஒரு காலை வைச்சு, நிண்டு, இழுத்துத்தான் மற்றக் கால்."

அந்த மெட்டுக்கு லண்டன் அத்தான், எங்கள் அக்காவின் கணவர், தன் மகளின் கலியாணத்தில் கோட் போட்டு ஆடினார். கிளிநொச்சி மண்டபம் முழுக்கப் பார்த்துக் கை தட்டியது. காணாதென்று இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

அண்ணருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. சேற்றுக்காலைக் கைபேசியில் பதிந்து வைத்துவிட்டு, அண்ணியையும் என்னையும் கூப்பிட்டார். "என்னைத் தூக்கேக்க தேவாரம் படியுங்கோ. அது முடிய இதைப் போடுங்கோ."

அண்ணர் போன அன்று அதைப் போட விடவில்லை. அத்தான் மறித்தார்.

"தம்பி, செத்தவீட்டில ஆட்டப் பாட்டோ? சனம் காறித் துப்பும்."

"அவர் கேட்டவர், அத்தான்."

"அவர் போயிட்டார். நாங்களெல்லோ சனத்துக்கு முகம் குடுக்க வேணும்."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். மண்டபத்தில் கை தட்டிய அதே ஆட்கள். பிரேதப் பெட்டியடியில் நின்று சண்டை பிடிக்க அண்ணி விடவில்லை. சினிமாச் சோகப் பாட்டுத்தான் போனது.

வெளிநாட்டிலிருக்கும் சொந்தக்காரருக்கு நேரலை. படம் பிடிக்கிறவர் அண்ணியிடம், "அம்மா, அந்தப் பூவை இன்னொருக்கால் வையுங்கோ, முகம் விழேல்லை" என்றார். அவா எடுத்துத் திரும்பவும் வைத்தா. சுடலையில் நெருப்புக்கு மேலே ட்ரோன் இரைந்துகொண்டு நின்றது.

இந்த மலர் வேலை தொடங்கியதும் லண்டனிலிருந்து அத்தான் போன் எடுத்தார்.

"டாங்கோ கீங்கோ எண்டு எழுதாதையும். 'இசைமாமணி' எண்டு போடும், வடிவாயிருக்கும்."

"ஆர் குடுத்த பட்டம், அத்தான்?"

"ஆர் கேக்கப் போகினம்?"

அண்ணர் இசைமாமணி இல்லை. டாங்கோ கட்டியவர். பியானோ வாசித்தவர். வயல் செய்தவர். பெயர் பழித்தவர்களின் வீட்டுக் கலியாணத்துக்கும் போய் வாசித்தவர்.

அண்ணரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டு ஓட்டோத் தம்பிக்கு நன்றி. துணுக்காயிலிருந்து சொல்லாமலே வந்து பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. கடைசிவரை பார்த்த அண்ணிக்கு நன்றி சொன்னால் அவா கோபிப்பா. மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இன்று திவச வீட்டில் தேவாரம் முடிந்ததும் சேற்றுக்கால் போடுவேன். அண்ணி ஓம் என்றுவிட்டா. படம் பிடிக்கிறவரைக் கூப்பிடவில்லை. அத்தானும் வாறன் என்றவர். அவருக்கும் முன்வரிசையில் கதிரை இருக்கிறது. ஆட விருப்பமென்றால் ஆடலாம், அவருக்குக் கால் தெரியும்.

மெட்டு முடிந்த பிறகுதான் இலை போடுவோம்.