தூணோரம் நின்ற மொபெட்

என் மொபெட்டின் நம்பர் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன். "வண்டி நம்பரை மனப்பாடம் பண்ணி நான் இன்னா பரீட்சையா எழுதப் போறேன்?" என்று ரயிலில் கூட வருகிறவர்களிடம் கேட்பேன். அவர்களும் சிரிப்பார்கள். நான் ஏதோ பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் அப்போது நான் டிரெய்னி. கல்யாணமாகி, பொன்னேரிக்குச் சற்று உள்ளே தள்ளி ஓர் ஊரில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். வீட்டிலிருந்து பொன்னேரி ஸ்டேஷன் வரை மொபெட், அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார ரயில், பிறகு ஷேர் ஆட்டோ. அந்த மாதம்தான் எங்கள் குழுவில் யாரை நிரந்தரம் செய்வது என்று முடிவாகிற மாதம். பர்சனல் மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "ஆர்டர் கையில வர்ற வரைக்கும் போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல உங்க நிழல்கூட விழக்கூடாது. போன தடவை ஒருத்தன் டீக்கடையில சண்டை போட்டுக் கெடுத்துக்கிட்டான், தெரியுமில்ல?" தெரியும். அந்த ஒருத்தன் இப்போது அதே டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறான் என்று எங்களுக்குள் ஒரு வதந்தி. அது பொய்தான். ஆனாலும் நான் அன்றிலிருந்து டீ குடிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

பொன்னேரி ஸ்டேஷனுக்கு வெளியே தகரக் கூரை போட்ட தனியார் வண்டி ஸ்டாண்டு ஒன்று இருந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்த முதலாளியை நான் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் ஸ்டாண்டுக்காரரைத்தான். தினசரி வாடகைக்கு விடுகிறவர்களுக்கு நம்பர் போட்ட அட்டையைக் கிழித்து, பாதியைக் கையில் கொடுத்து மீதியை ஹேண்டிலில் கட்டுவார். மாத பாஸ்காரர்களுக்கு அட்டை கிடையாது. பாஸைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகலாம், வரலாம். ஒரே ஒரு சட்டம்தான்: ஹேண்டில் லாக் போடக்கூடாது. காலையில் கூட்டம் முண்டும்போது எங்கள் வண்டிகளை அவர் இஷ்டத்துக்குத் தள்ளி, இடித்து, செருகி, இடம் பண்ணுவார். சாயங்காலம் அவரவர் வண்டி பெரும்பாலும் அவரவர் இடத்துக்கே வந்துவிடும். என் இடம் வலதுபக்கம் இரண்டாவது தூணோரம். என் வண்டியை நான் அடையாளம் கண்டுகொண்டிருந்தது அந்தத் தூணை வைத்துத்தான் என்பது எனக்கே அப்போது தெரியாது.

ஒருநாள் காலை ரயில் சத்தம் கேட்டதும் வண்டியைத் தள்ளிவிட்டு ஓடினேன். வண்டி கொக்கியில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பை அங்கேயே தங்கிவிட்டது. இதையும் நான் அப்போது உணரவில்லை. மதியம் கேன்டீனில் பையைக் காணாமல் கையை விரித்தபோது, ரயிலில் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான் என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தூணோரம் மொபெட் நிற்கிறது. அதே பச்சை, அதே வயசு, அதே ஸ்டேஷன் ரோட்டுக் கடையில் வாங்கிய நீல ரெக்ஸின் சீட் கவர். அந்த வட்டாரத்தில் பாதி மொபெட்டுகளுக்கு அந்தக் கவர்தான். ஹேண்டிலில் ஓர் அட்டை தொங்கியது. பாஸ்காரன் வண்டிக்கு எதற்கு அட்டை என்று பிய்த்துப் போட்டேன். சாவியைப் போட்டேன். திறந்தது. தேய்ந்துபோன பழைய மொபெட்டுக்குச் சாவி என்பது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். ஹேர்பின்னுக்கும் திறக்கும், மனசு வைத்தால் ஸ்பூனுக்கும் திறக்கும். பாஸைத் தூக்கிக் காட்டினேன். ஸ்டாண்டுக்காரர் தலையாட்டினார். வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "டிபன் கேரியர் எங்க?"

"டிரெய்ன்ல எவனோ தூக்கிட்டான்."

"எங்க அம்மா ஊட்டு கேரியரு அது. உங்களையும் சேத்துத் தூக்கிக்கினு போயிருக்கலாம்ல?"

மறுநாளிலிருந்து வேறொரு பிரச்சினை. வண்டியில் கருவாட்டு நாற்றம். வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்தால் நாற்றம், சீட்டைத் தட்டினால் நாற்றம். "நீ வண்டியில கருவாடு வாங்கினு வந்தியா?" என்று கேட்டேன்.

"நான் எப்போ வண்டிய தொட்டேன்? உங்க மேலயே அந்த வாசனதான். குளிச்சிட்டு வாங்க."

குளித்தேன். வண்டியையும் குளிப்பாட்டினேன். அது மட்டுமா? பிரேக் திடீரென்று மோசமாகிவிட்டதாகப் பட்டது. நிரந்தரம் ஆகப் போகிறவன் பிரேக் இல்லாமல் போய் எதிலாவது இடித்து வைக்கக்கூடாது என்று மெக்கானிக்கிடம் கொடுத்து புது பிரேக் ஷூ போட்டேன். ஹார்ன் கொசு மாதிரி முனகியது, அதையும் மாற்றினேன். பின் டயர் வழுக்கையாக இருந்தது, அதற்கும் ஒன்று. இத்தனைக்கும் நடுவில், வண்டி முன்பைவிட நன்றாக மைலேஜ் கொடுக்கிறதே, எல்லாம் நம் ஓட்டுகிற லாவகம்தான் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஸ்டாண்டு வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அட்டையும் இல்லாமல், ராத்திரியும் எடுக்க ஆள் வராமல் கிடக்கும் அநாதை வண்டிகளின் நம்பரைச் சாக்பீஸால் எழுதி, கீழே 'வாடகையும் அபராதமும் கட்டாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்படும்' என்று எழுதியிருப்பார்கள். அந்த வாரம் அதில் ஒரு நம்பர் ஏறியது. தினமும் காலையில் அதைப் படித்து நான்தான் கூட்டத்துக்குச் சிரிப்பு மூட்டுவேன். "வண்டிய விட்டுட்டு மறந்து போறவன் எப்படிப்பட்டவனா இருப்பான்? பொண்டாட்டியையும் எங்கயாவது ஸ்டாண்டுல விட்டிருப்பான்." அந்த நம்பரை ராகம் போட்டுப் பாடிக்கூடக் காட்டியிருக்கிறேன். ஸ்டாண்டுக்காரரும் சிரிப்பார். "பின்னாடி சங்கிலி போட்டு வெச்சிருக்கேன் சார். எலி ஏதோ உள்ள பூந்து செத்துப்போச்சி போல, கிட்டவே போவ முடில. ஒரே பேஜாரு."

மேனேஜர் என்னை நேரில் கூப்பிட்டுப் பேசுவதற்கு முந்தைய நாள் எனக்கு வார விடுமுறை. மாத பாஸைப் புதுப்பிக்கலாம் என்று மொபெட்டில் ஸ்டாண்டுக்குப் போனேன். உள்ளே ஒரே கூச்சல். தூணோரம் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி ஒருவர், வெள்ளைத் தொப்பி, தோளில் பை, கையில் பாதி அட்டையோடு நின்று ஸ்டாண்டுக்காரரைப் பிடி பிடி என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் மவ கல்யாணத்துக்கு நெல்லூர் போய் வர்றதுக்குள்ள வண்டியக் காணோம்னா இன்னாய்யா அர்த்தம்? அட்ட இருக்குது, வண்டி எங்க?"

"பாய், நீங்க நல்லா தேடிப் பாருங்க, இங்கதான் கீது."

"தேட இது இன்னா கடலா? நாலு வரிச. நாலு தடவ பாத்துட்டேன்!"

வேடிக்கை பார்க்கிற இடத்தில் சும்மா நிற்க என்னால் முடியாது. மேனேஜர் சொன்ன எச்சரிக்கையை மறந்து நியாயம் கேட்க நானும் புகுந்தேன்.

"பாய், இவங்களை விடாதீங்க. பாவம்னு பாத்தா பொழைக்க முடியாது. நேரா போலீசுக்குப் போங்க. எழுதிக் குடுங்க. தெரிஞ்சவர் யாரும் இல்லன்னா சொல்லுங்க, நானே கூட வரேன்."

வியாபாரி நெகிழ்ந்துபோனார். "நல்லாருப்பே தம்பி. நீ ஒருத்தன்தான் மனுசன். வா, போலாம்" என்று என் தோளில் கைபோட்டுக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். தூணைக் கடக்கும்போது அவர் சட்டென்று நின்றார்; கை என் தோளிலேயே நின்றது. நின்றதோடு இல்லாமல் இறுகவும் ஆரம்பித்தது.

"தம்பி, இது யாரு வண்டி?"

"என்னுதுதான் பாய்."

அவர் குனிந்து பின் மட்கார்டில் ஒரு நசுங்கலைத் தடவிப் பார்த்தார். "இது எங்க ஊட்டு வாசப்படியில இடிச்சது. நான்தான் இடிச்சேன்." பெட்டியைத் திறந்து முகர்ந்தார். அந்த மணத்தை அவர் எந்த நீதிமன்றத்திலும் சாட்சிக்கு நிறுத்தியிருப்பார். "போலீசுக்குப் போலாம்னியே தம்பி. வா, போலாம்."

மறுநாள் மேனேஜர் அறை, என் எதிரே உட்கார்ந்திருக்கும் அவர், 'மொபெட் திருடன்' என்று என் பேருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு, டீக்கடை, கிளாஸ். எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. "பாய், சத்தியமா இது என் வண்டின்னுதான் எடுத்தேன். தினமும் என் சாவியிலதான் திறக்குது" என்றேன். திருடனும் இதைத்தான் சொல்வான் என்று சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

"உன் வண்டி நம்பரு இன்னா, சொல்லு."

பெருமையடித்த விஷயத்தையே இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. "தெரியாது பாய்."

"வண்டி நம்பர் தெரியாதவன் வண்டி ஓட்றானா? நான் எங்கயும் கேட்டதில்ல."

ஸ்டாண்டுக்காரர்தான் இருவரையும் இழுத்துக்கொண்டு பின்வரிசைக்குப் போனார். "அப்போ உங்க வண்டி எங்க சார்? பாஸ்காரங்கதானே? எங்கனாச்சும் இருந்தாவணும்ல?" பின்வரிசையில், சங்கிலியில் கட்டிய அநாதை மொபெட் ஒன்று நின்றது. பத்தடி தூரத்திலேயே எலி செத்த நாற்றம். அதே பச்சை, அதே நீல ரெக்ஸின். கொக்கியில் ஒரு துணிப்பை. அதற்குள் என் மாமியார் வீட்டு டிபன் கேரியர்.

மூன்று பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றோம். கேரியருக்குள் என்ன இருந்தது என்பதை விவரிக்க மாட்டேன். சாம்பார் சாதமாகத்தான் கிளம்பியிருக்க வேண்டும். தினமும் ராகம் போட்டுப் பாடிய நம்பர் அந்த வண்டியின் பின்னால் தெளிவாக எழுதியிருந்தது.

"பொண்டாட்டியயும் ஸ்டாண்டுல உட்டவன்னு சொன்னியே சார், அது நீதானா?" என்றார் ஸ்டாண்டுக்காரர். 'சார்' போடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை, அந்த மட்டுக்கு மரியாதை.

நடந்தது மெல்ல விளங்கியது. அன்று காலைக் கூட்டத்தில் ஸ்டாண்டுக்காரர் என் வண்டியைப் பின்னால் தள்ளி, வியாபாரியின் வண்டியைத் தூணோரம் செருகியிருக்கிறார். தூணை நம்பினவன் அதை எடுத்துக்கொண்டு போனான். அட்டையில்லாத என் வண்டி அநாதையாகிச் சங்கிலியில் மாட்டியது. ஆனால் விளங்கியதும் ஸ்டாண்டுக்காரருக்குத் தெம்பு வந்துவிட்டது. "சார், உங்க வண்டிக்கு வாடகை, அபராதம், சங்கிலிக் காசு, எல்லாம் கீது. டப்பு கட்டிட்டு எடுத்துக்கினு போங்க. இல்லாங்காட்டி முதலாளி போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கச் சொல்லிட்டாரு."

மறுபடி ஸ்டேஷன். கட்டிவிடலாம் என்று பர்ஸைத் தொட்டேன். பர்ஸில் இருந்ததெல்லாம் வியாபாரியின் டயராகவும் ஹார்னாகவும் மாறிப் போயிருந்தது. மீதி இருந்ததை வைத்துச் சங்கிலியில் ஒரு வளையம் கழற்றலாம்.

இதற்குள் வியாபாரி தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். ஹார்னை அடித்தார். ஸ்டாண்டில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கிப் பின் டயரை விரலால் தட்டினார்.

"தம்பி, இதெல்லாம் யாரு போட்டது?"

"நான்தான் பாய். என் வண்டின்னு நினைச்சு."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "யா அல்லா! நான் கல்யாணத்துல இன்னும் ஒரு வாரம் இருந்துட்டு வந்திருக்கணும். புது இன்ஜினே போட்டிருப்பே!" என் முதுகில் ஒரு அறை விட்டார். அந்த அறையோடு என் உயிர் திரும்பி உள்ளே வந்தது.

வியாபாரி ஸ்டாண்டுக்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், இவரு வண்டி உள்ள நின்னுச்சு. இவருகிட்ட பாஸ் கீதா இல்லயா?"

"கீது."

"பாஸ் வெச்சிக்கினவன் வண்டி உள்ள நிக்கறதுக்கு இன்னாத்துக்கு அபராதம்?"

ஸ்டாண்டுக்காரர் யோசித்தார். "சரி பாய், அப்போ உங்க வண்டிக்கு வாடகை குடுங்க."

"என் வண்டி தெனம் ராத்திரி இவரு ஊட்ல தூங்கிச்சுய்யா. பகல்ல இவரு பாஸ்ல நின்னுச்சு. அதுக்கு இன்னா வாடகை? அட்ட இல்லாத ஆளுகிட்ட வண்டிய வெளிய உட்டவன் யாரு? நீ. போலீசுக்குப் போலாமா? வா, மூணு பேரும் போலாம். தம்பி கூட வரேன்னு சொல்லிச்சு."

நான் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தேன். ஸ்டாண்டுக்காரர் என்னைவிட வேகமாகத் தலையை ஆட்டினார். வாசலுக்குப் போய்த் தன் தோள் துண்டாலேயே கரும்பலகையைத் துடைத்தார். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து, "சார், அந்தப் பையை மட்டும் எனக்குத் தெரியாம எங்கனா தூரமா போய்த் திறங்க" என்றார். வியாபாரி தன் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய இறால் கருவாட்டை எடுத்து என் பெட்டியில் வைத்தார். டயருக்கும் ஹார்னுக்கும் கணக்குச் சரியாகிவிட்டது என்பது அவர் கட்சி. நான் எந்தக் கட்சியிலும் சேரத் தயாராக இருந்தேன்.

என் சொந்த மொபெட்டில் வீட்டுக்குப் போனேன். சங்கிலியில் சும்மா கிடந்ததில் அதன் பிரேக்கும் போயிருந்தது. காலைத் தரையில் தேய்த்தே போய்ச் சேர்ந்தேன். மனைவி கேரியரைப் பார்த்து மகிழ்ந்து, மூடியைத் திறந்து, தலைதெறிக்க ஓடினாள். முழுக் கதையையும் கேட்ட பிறகு கருவாட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "இது மட்டும் நாறலயா?" என்றேன். "இது நம்ம கருவாடு" என்றாள்.

மறுநாள் மேனேஜர் அறையில் போய் உட்கார்ந்தேன். போலீஸ், கேஸ், தகராறு ஏதாவது உண்டா என்று கேட்டார். அவர் முடிக்கும் முன்பே "இல்ல சார்" என்றேன். சிரித்துக்கொண்டே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். நிரந்தரம் ஆனவர்களுக்குப் பெட்ரோல் படி உண்டாம், அதற்கு வண்டி நம்பர் வேண்டும் என்றார். நான் ராகத்தோடு சொன்னேன்.

அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் நம்பரை வீட்டுல கேட்டுச் சொல்றேன்னுதான் சொன்னாங்க. உங்களுக்கு வண்டி மேல ரொம்பப் பிரியம் போல."

"ஆமா சார்" என்றேன்.