பெரியவர் எழுந்து நின்ற நாள்

ஓடைக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் எல்லோருக்கும் அவள் வண்டியக்கா. வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாமனார் மட்டும் "ஏம்மா" என்பார், அதுவும் கோபமில்லாத நாட்களில்.

வண்டிக்கும் ஒரு பெயர் உண்டு. பெரியவர். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டிரக் அது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் இரண்டு பக்கமும் நீளமான மரப்பலகை. காலையில் வண்டி கிளம்பத் தாமதமானால், "பெரியவர் இன்னும் எந்திரிக்கலையா?" என்று வாசலில் குரல் கேட்கும். உள்ளே முகம் கழுவிக்கொண்டிருக்கும் மாமனார், "நான் எந்திரிச்சு ரொம்ப நேரமாச்சு" என்பார். பல வருடமாக நடக்கும் வேடிக்கை இது. அவர் மட்டும் அதை வேடிக்கை என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

வண்டி அவருடையதாகத்தான் இருந்தது. பார்வை மங்கியபோது சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்தார். மூத்த மகன் ஊரைவிட்டே போய்விட்டான். இளையவன் போர்டு எழுதும் பெயிண்டர். பிரஷைப் பிடித்தால் முடியளவும் அசையாத கை, ஸ்டியரிங்கைப் பிடித்தால் கிடுகிடுவென்று ஆடும். மிச்சம் இருந்தது அவனுடைய மனைவி. "பொம்பளை ஓட்டுற வண்டியில எவன் ஏறுவான்?" என்று கேட்டார். முதல் வாரம் யாரும் ஏறவில்லைதான். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டு நின்றவர்கள், ஓட்டுவது ஆணா பெண்ணா என்று குனிந்து பார்க்கவில்லை.

ஒரு நிபந்தனையோடுதான் சாவி கைமாறியது. முன் சீட்டில் அவரும் வருவார். அன்றிலிருந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அவர் பக்கத்து ரப்பர் விரிப்பு ஓட்டையாகிவிட்டது.

இனி ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கடைத்தெரு, நூல் ஆலை. இந்தப் பக்கம் அவற்றுக்கெல்லாம் உழைக்கிறவர்களின் வீடுகள். பாலம் கட்டப்போவதாகச் சொல்லி யார் யாரோ வந்து அடிக்கல் நாட்டினார்கள். கற்கள் எல்லாம் பளபளப்பாக, பெயர் பொறித்து, கரையோரம் வரிசையாக நின்றன. பாலத்தைத்தான் காணோம். ஆலைக்கு ஆள் வேண்டுமென்றால் எவ்வளவு தண்ணீரிலும் ஆலையின் பெரிய லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அந்த லாரியில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பது ஆலையின் சட்டம். அப்பன் நூல் நூற்கப் போகும்போது ஆழமே இல்லாத ஓடை, மகள் எழுத்துப் படிக்கப் போகும்போது மட்டும் ஆபத்தாகிவிடும்.

அதனால் பிள்ளைகளுக்குப் பெரியவர்தான் கதி. போன மழைக்காலத்தில் அதுவும் கைவிட்டுவிட்டது. வண்டியின் பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்பு இலைகள், வளைவு செத்துத் தட்டையாகி, வண்டி தரையை முகர்ந்துகொண்டு போகும் நிலை. ஒருநாள் நடு ஓடையில் கியர்பெட்டி பாறைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகளைத் தோளில் சுமந்து கரை சேர்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மழை ஓயும்வரை யாரும் பள்ளிக்கூடம் போகவில்லை.

இந்த வருடம் பெற்றோர்கள் கூடிப் பேசினார்கள். அந்தக் கரையில் ஒரு விடுதி இருக்கிறது, மழைக்கு முன்பே பிள்ளைகளை அங்கே சேர்த்துவிடலாம் என்றார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தையைக்கூட. வண்டியக்காவின் மகளும் அதில் ஒருத்தி. அவளுக்கு ஒரு டிரங்குப் பெட்டி வாங்கியாயிற்று. பெயிண்டர் அதன் மூடியில் மகள் பெயரை நீலத்தில் எழுதி, சுற்றிலும் கொடி வரைந்தார். கொடி ஓரிடத்தில் கோணிக்கொண்டு போனது. கண்ணீர் மறைத்திருக்க வேண்டும்.

"அங்க ராத்திரி பயமா இருந்தா யாரை எழுப்புறது?" என்று மகள் கேட்டாள். வண்டியக்கா மறுநாளே ஸ்பிரிங் கடைக்குப் போய், வளைவு கூடிய புதுப் பட்டைகள் செய்யக் கொடுத்தாள். வண்டி ஒரு சாண் உயரும், அந்தப் பாறையை உரசாமல் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோர் கண்முன்னாலும் ஓடையைக் கடந்து காட்டுவது, அதற்குப் பிறகு அவர்கள் முடிவு செய்வது என்று பேச்சு.

பட்டைகள் சனிக்கிழமை வந்து இறங்கின. அன்று அவள் கடைசி நடை போய்விட்டுத் திரும்பியபோது, அவை வீட்டுச் சுவரோரம் சிவப்பு எனாமலில் மின்னிக்கொண்டு நின்றன. பெயிண்டர் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். துரு ஏறாமல் இருக்க இரண்டு பூச்சு கொடுத்திருப்பதாகச் சொன்னார். அடியில் கிடக்கப்போகிற சாமானை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அவள் கேட்டாள்.

"மீனு பாக்கும்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிறு விடிந்ததும் வேலை தொடங்கியது. பக்கத்து வீட்டு வெல்டர் ஜாக்கியும் இரும்புத் தாங்கிகளும் கொண்டுவந்தான். மாமனார் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நேரம் பார்க்காமல் இவ்வளவு பெரிய வேலையில் கை வைக்கிறார்களே என்பது அவருடைய முதல் குறை. மருமகள் முதல் போல்ட்டைக் கழற்றியது இரண்டாவது. நாற்காலி ஆடுகிறது என்பது மூன்றாவது. மூன்றாவதை மட்டும் பெயிண்டர் ஓர் அட்டை மடித்து வைத்துத் தீர்த்தார்.

வண்டியைத் தூக்கி, அதன் அடிச்சட்டத்துக்குத் தாங்கி கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். பட்டைகளை இறுக்கிப் பிடித்திருந்த யூ போல்ட் நட்டுகள் துருவில் ஊறி, பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பவை போல அசைய மறுத்தன. மண்ணெண்ணெய் விட்டார்கள். ஸ்பேனரில் குழாயைச் செருகித் தொங்கினார்கள். ஒன்று மட்டும் எதற்கும் மசியாததால் வெல்டர் அதை அறுத்தே எடுத்தான். பழைய பட்டைகள் சேறும் கிரீஸுமாக விழுந்தன. முன்பக்கத்துப் புதியவை இரண்டும் சொன்னபடி கேட்டன. பின்பக்கத்தவை கனமானவை. பெயிண்டர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, தான் பூசிய வண்ணம் உரசாமல் இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமா, பட்டையைப் பாக்காதீங்க, காலைப் பாருங்க" என்று வெல்டர் கத்த வேண்டியிருந்தது. புது உயரத்துக்கு எட்டும்படி பிரேக்கின் ரப்பர் குழாயை நீளமானதாக மாற்றினார்கள். வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் பட்டை முனைகளில் ரப்பர் புஷ் கோத்த போல்ட்டுகளை முறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புஷ் கிழிந்துவிடும் என்று வண்டியக்கா ஒவ்வொன்றின் தளர்வையும் தொட்டுப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்து, சக்கரங்களை மாட்டி, ஜாக்கியை இறக்கினார்கள். பெரியவர் எழுந்து நின்றார். உயரமாகத்தான் நின்றார். ஆனால் டிரைவர் பக்கம் சாய்ந்து, யாரிடமோ ரகசியம் சொல்லப் போகிறவரைப் போல நின்றார்.

நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"நான் சொன்னேன். நேரம் சரியில்ல."

இதற்குள் பெற்றோர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தார்கள். முன்னால் வந்தவர் இரட்டைப் பிள்ளைகளின் அப்பா, ஆலையில் வேலை பார்ப்பவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, இந்தச் சாய்மானத்தோடு ஓடையில் இறங்கினால் தண்ணீர் தள்ளிக் கவிழ்த்துவிடும் என்றார். அவர் சொன்னது நியாயம். அது வண்டியக்காவுக்கும் தெரியும். ஆனால் பின்னால் நின்றவர்களிடையே வேறு பேச்சு கிளம்பியது. ஆண் தொட வேண்டியதை ஆண்தான் தொட வேண்டும், பெண் கை பட்டால் இப்படித்தான் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர் மனைவி தினமும் ஆலையில் இயந்திரத்தைத் தொட்டுத்தான் அவருக்குச் சோறு போடுகிறாள். அந்தக் கை மட்டும் எப்படியோ ராசியான கையாக இருந்தது.

நல்ல நேரம் பார்த்து, மறுபடி எல்லாவற்றையும் கழற்றி, ஆண் கையால் மாட்டினால் சரியாகிவிடும் என்றார் மாமனார். வண்டியக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நேரம் கெட்டிருந்தா முழு வண்டிக்கும்தானே கெட்டிருக்கணும்? டிரைவர் பக்கத்துக்கு மட்டும் எப்படிக் கெட்ட நேரம்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"அதை விடுங்க. இவ்வளவு வருஷம் ஓட்டியிருக்கீங்க. இது முன்னாடி எப்பவாவது இப்படிச் சாஞ்சுதா?"

"என் காலத்துலயா? தராசு முள்ளு மாதிரி நிக்கும். இத்தனைக்கும் டீசல் டேங்கு ஒரே பக்கம், ஓட்டுறவனும் அதே பக்கம். அப்பவும் சாயாது."

பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் அவள் எழுந்துவிட்டாள். ஒரே பக்கம் பாரம் ஏற்றி, அப்படியும் சாயவில்லை என்றால், பாரம் விழுகிற பக்கம் எதுவோ கூடுதலாகத் தாங்கியிருக்க வேண்டும். சேற்றோடு கிடந்த பழைய பின்பட்டைகள் இரண்டையும் புரட்டிப் போட்டு, கந்தல் துணியால் துடைத்து எண்ணினாள். ஒன்றில் ஓர் இலை அதிகம். அது டிரைவர் பக்கத்திலிருந்து கழற்றியது.

அப்படியே வண்டிக்கு அடியில் நுழைந்தாள். புதுப் பட்டைகளை எண்ண முடியவில்லை. எனாமல் இலைகளுக்கு நடுவே இறங்கி உறைந்து, ஒரே கட்டியான சிவப்பு இரும்பாக இருந்தது. ஆணியால் சுரண்டினாள். இந்தப் பக்கம் சுரண்டினாள், அந்தப் பக்கம் சுரண்டினாள். கூடுதல் இலை, மாமனார் உட்காரும் பக்கத்தில் இருந்தது.

"ஏங்க" என்று அடியிலிருந்தே கூப்பிட்டாள். "பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி, இதுல ஏதாவது எழுதியிருந்துச்சா?"

பெயிண்டர் யோசித்தார். அவர் காது சிவந்தது.

"எழுத்தெல்லாம் இல்ல. ஒண்ணுல மட்டும் வெள்ளையா ஒரு தடிச்ச கோடு இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சேன். உப்புத்தாள் போட்டு நல்லாத் தேச்சு, மண்ணெண்ணெயில கழுவி, அப்புறம்தான் பூசினேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "சுத்தம் பண்ணாம அடிச்சா பெயிண்ட் நிக்காது" என்றார்.

ஊரே சிரித்தது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி வண்டியக்காவும் சிரித்தாள். ஸ்பிரிங் கடைக்காரர் எந்தப் பக்கத்துக்கு எது என்று அடையாளம் போட்டு அனுப்பியதை, இவ்வளவு அக்கறையாகத் தேய்த்து அழிக்க இந்த மனிதர் ஒருவரால்தான் முடியும்.

"அப்போ ஆம்பளை கை பட்டதுதான் கோளாறு" என்று கூட்டத்தில் ஒரு பெண் சொன்னாள். முணுமுணுத்தவர் வானத்தைப் பார்த்தார்.

அப்புறம் யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. இரட்டையரின் அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஜாக்கியை வாங்கினார். பின்பட்டைகள் இரண்டும் இறங்கி, இடம் மாறி ஏறின. பெயிண்டரை மட்டும் எதையும் தொட விடவில்லை. வெயில் சாயும் முன் வண்டி இறங்கியது. மாமனார் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "தராசு முள்ளு" என்றார்.

முதலில் அவள் தனியாக ஓடையில் இறங்குவதாக இருந்தது. மாமனார் கதவைப் பிடித்துக்கொண்டு விடாததால், அவரோடு இறங்கினாள். மலைப்பக்கம் பெய்த மழையில் ஓடை புரண்டுகொண்டிருந்தது. பாறை வந்தது. கரையில் நின்றவர்கள் எம்பிப் பார்த்தார்கள். அடியில் ஓர் உரசல்கூடக் கேட்கவில்லை. அக்கரை ஏறித் திரும்பி இக்கரை வந்தாள். மாமனாரின் கால் வழி நெடுக இல்லாத பிரேக்கை மிதித்தபடிதான் இருந்தது.

அடுத்த நடையில் பெற்றோர்கள் பலகையில் உட்கார்ந்து போய்வந்தார்கள். தண்ணீர் எந்த அளவுக்கு மேல் போனால் வண்டி இறங்கக் கூடாது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். பெயிண்டர் சிவப்பு எனாமலை எடுத்துவந்து, கரையோரத்து அடிக்கல் ஒன்றின்மேல், பெரிய மனிதர் ஒருவரின் பெயருக்குக் குறுக்கே, நேர்கோடு ஒன்று இழுத்தார். கோடு முங்கினால் வண்டி இல்லை. நட்ட நாளிலிருந்து அந்தக் கல் செய்யப்போகும் முதல் வேலை அதுதான். விடுதிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. பெரியவர் இப்போது வெகு உயரம். சின்னப் பிள்ளைகளுக்குப் பின்பலகை எட்டவில்லை. ஒவ்வொருவரையும் தூக்கி ஏற்றினால் பள்ளி மணி அடித்துவிடும். வண்டியக்கா இடுப்பில் கை வைத்து நின்று யோசிக்கும்போது, மகள் வீட்டுக்குள்ளிருந்து எதையோ தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தாள். விடுதிக்கு வாங்கிய டிரங்குப் பெட்டி. அதைப் பின்பலகைக்குக் கீழே போட்டு, மேலே ஏறி நின்று, அங்கிருந்து வண்டிக்குள் தாவினாள்.

"ஐயையோ, கொடி மேலயா மிதிக்கிறே" என்றார் பெயிண்டர்.

"கோணலா இருந்துச்சுப்பா" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

மற்றவர்கள் வரிசையாக மிதித்து ஏறினார்கள். கடைசிப் பிள்ளை ஏறியதும் பெட்டியையும் உள்ளே தூக்கிப் போட்டுக்கொண்டார்கள், அந்தப் பக்கம் இறங்க வேண்டுமே. முன் சீட்டில் மாமனார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"பெரியவர் எந்திரிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியக்கா சாவியைத் திருகினாள்.

"ரெண்டு பேரும் எந்திரிச்சாச்சு" என்றார் அவர். "கிளம்பும்மா, நேரமாச்சு."