கோசலை தலையாட்டிய புதன்கிழமை

கோசலையைப் பற்றி எழுதுவதென்றால் அவள் மகன் சிவமணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாரிசில் அவளுக்கு வாய் அவன்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் கட்டடத்தின் நான்காவது மாடியில் அவர்கள் குடியேறியபோது அவனுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்த்த சில மாதங்களில் மழை கொட்டுகிற மாதிரி பிரெஞ்சு பேசினான். அப்பா தில்லையம்பலம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். கோசலைக்கு ரூ காய் என்ற தெருவில் ஒரு மளிகைக் கடையில் வேலை. இரண்டு பேருக்கும் 'போன்ஜூர்', 'மெர்சி'க்கு மேல் ஒரு சொல் ஏறவில்லை.

ஆகவே எங்கே போனாலும் சிவமணி. பிரெஃபெக்த்யூர் என்ற அரசு அலுவலகத்தில் வதிவிட அட்டைக்கு வரிசையில் நின்று, மேசைக்கு மேலே தலை தெரிய எக்கிப் பதில் சொல்வான். கோசலைக்கு வயிற்றுவலி வந்தபோது டாக்டரிடம் சொன்னதும் அவன்தான். ஒரு மகன் காதில் விழக்கூடாத கேள்விகளையும் டாக்டர் கேட்டார், அதையும் பிள்ளை அப்படியே அம்மாவிடம் கேட்டான்.

நான் புதுச்சேரிக்காரி, தபால் நிலையத்தில் வேலை. பிரெஞ்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. "நான் வரட்டுமா?" என்று இரண்டொரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம் மர்கரீத் அக்கா, உங்களுக்கு ஏன் கரைச்சல்? மணி இருக்கிறான்தானே. அவன் பெரிய ஆள்," என்பாள்.

முளைத்து மூன்று இலை விடவில்லை, பெரிய ஆளாம்! ஆனால் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அவனுக்கு ஒன்பது வயது நடந்த வருஷம், 1987 இலையுதிர் காலத்தில், பள்ளி நண்பன் ஒருவனோடு ரக்பி விளையாடப் போனான். போர்ட் த லா ஷப்பல் பக்கம் ஒரு மைதானம். பள்ளி இல்லாத புதன்கிழமைகளில் பயிற்சி. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறவனை இடுப்பில் பிடித்து மண்ணில் சாய்ப்பதுதான் ரக்பி. ஆனால் புதிதாக வருகிற பிள்ளைகளை அந்தப் பயிற்சியாளர் சாய்க்க விடமாட்டார். அவர்கள் ஒருவரையொருவர் தொட்டால் போதும். பிள்ளை தயார் என்று தெரிந்த பிறகு, பெற்றோரையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்த குழுவுக்கு மாற்றுவார்.

நவம்பரில் ஒரு புதன்கிழமை சாயங்காலம் கோசலை என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய ரவைலட்டு.

"அக்கா, மணியைப் பெரிய பெடியளோடை விடப் போகினமாம். இண்டைக்கு அந்த மனிசன் என்னைக் கூப்பிட்டுக் கதைச்சவர். 'நான் தயாரோ எண்டு உங்களைக் கேக்கிறார் அம்மா' எண்டு மணி சொன்னான். நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டினன். அந்த மனிசன் திருப்பியும் கேட்டவர், நான் திருப்பியும் ஆட்டினன்."

"அடிபடுமே, உனக்குப் பயமாயில்லையா?"

"பிரெஃபெக்த்யூரிலை பொலிஸ்காரனோடை கதைக்கிறவன் அக்கா. பந்துக்கோ பயப்பிடப் போறான்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. லட்டைத் தின்றுகொண்டே சிரித்தேன்.

சனிக்கிழமை முதல் ஆட்டம். தில்லையம்பலத்துக்கு உணவகத்தில் வேலை, அதனால் கோசலை என்னைத் துணைக்கு அழைத்துப்போனாள். குளிர் எலும்பைக் கடித்தது. சிவமணிக்குக் கொடுத்த சட்டை முழங்கால் வரை தொங்கியது. முதல் பாதியில் அவன் பந்து இருந்த பக்கமே போகவில்லை. "ஓடு ராசா, ஓடு!" என்று கோசலை கத்தினாள். அதைக் கேட்டோ என்னவோ, அடுத்த பந்தை வாங்கிக்கொண்டு ஓடினான். அவனைவிட ஒரு தலை உயரமான பையன் எதிரே வந்தான். சிவமணி ஒதுங்கவில்லை, நின்றுவிட்டான். கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றதை நான் கோட்டுக்கு வெளியே இருந்தே பார்த்தேன்.

விழுந்தவன் அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான்.

பயிற்சியாளர் தன் காரிலேயே எங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோளில் காறை எலும்பு முறிந்திருக்கிறது, ஒரு மாதத்துக்கு மேல் கட்டுப் போட வேண்டும் என்று சொன்னார். கோசலை வழக்கம்போல் மகன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்டுமில்லையாம் அம்மா. சின்ன நோவாம்," என்றான் சிவமணி. வலியில் உதடு வெளுத்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் பயிற்சியாளர் என்னைத் தனியே இழுத்தார். மனிதருக்குக் கண் கலங்கியிருந்தது. "மதாம், நான் புதன்கிழமையே அந்த அம்மாவிடம் சொன்னேனே. பையன் பயப்படுகிறான், கண்ணை மூடிக்கொள்கிறான், அடுத்த வருஷம் பார்க்கலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லை, இப்போதே விளையாடட்டும் என்கிறார் என்று பையன் சொன்னான். அந்த அம்மாவும் தலையாட்டினார்."

நான் கோசலையிடம் வந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். எலும்பு முறிந்ததையும் சொன்னேன். மறைத்திருக்கலாமோ என்று பிற்பாடு தோன்றியது, ஆனால் அவளிடம் ஏற்கெனவே போதுமான அளவு மறைத்தாகிவிட்டது.

அவள் சுவரில் சாய்ந்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "ஏன் ராசா எனக்குச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டாள்.

சிவமணி தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் பயந்தாங்கொள்ளி எண்டு நானே எப்பிடி அம்மா உங்களுக்குச் சொல்லுறது? நீங்கள் கடையிலை எல்லாருக்கும் நான் பெரிய ஆள் எண்டு சொன்னனீங்கள்."

"என்ரை பிள்ளையைப் பற்றின கேள்வியை என்ரை பிள்ளையிட்டையே கேட்டனே, அக்கா," என்றாள் என்னிடம். "அவன்ரை முகத்தை ஒருக்கா நிமிந்து பாத்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். நான் அந்த மனிசன்ரை வாயை எல்லே பாத்துக்கொண்டு நிண்டன். பாவி நான். பிஞ்சைப் பழுக்க வைச்சுப்போட்டன்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். அடுத்த கட்டிலில் இருந்த கிழவர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டர் கட்டுத்துணியோடு வந்து, கை எங்கே அதிகம் வலிக்கிறது என்று கேட்டார். சிவமணி நிமிர்ந்து உட்கார்ந்தான். பிரெஃபெக்த்யூர் மேசை முன் நிற்கும் அதே முகம் வந்துவிட்டது. கோசலை அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ கதைக்க வேண்டாம் ராசா. உனக்கு நோகுதெல்லே. நீ அழு."

பக்கத்திலேயே நின்ற என்னை அவன் கவனிக்கவில்லை. மடியிலிருந்து தலையைத் தூக்கி அவளைத்தான் பார்த்தான்.

"நான் அழுதால், அவர் சொல்லுறதை உங்களுக்கு ஆர் அம்மா சொல்லுறது?"