இரண்டு வரியில் வந்த விடை

எங்கள் பாடசாலையின் உயர்தரக் கணிதப் பிரிவில் இருந்தது இரண்டே பேர். நான் ஒருத்தி, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த என் சிநேகிதி இன்னொருத்தி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கற்பித்த கணித ஆசிரியர் முதல் வருடம் முடிவதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. அதிபர் எங்களைக் கூப்பிட்டு, "கலைப் பிரிவுக்கு மாறிக்கிறீங்களா?" என்று கேட்டார். மாட்டோம் என்றோம். அந்த வயதில் எங்களிடம் பாடக்குறிப்புகள் இல்லாவிட்டாலும் வீம்பு நிறைய இருந்தது.

அது இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. பண்டாரவளையில் தொலைபேசி பேசவும் போட்டோகொப்பி எடுக்கவும் போகிற ஒரு கொமினிகேஷனில் மூன்று கணினிகளைப் போட்டு இணையமும் கொடுத்திருந்தார்கள். கடைக்காரர் முஸ்லிம்; அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எல்லோருக்கும் அவர் ‘நானா’தான். மாமா ஒருவர் அந்த டவுனிலேயே வேலை செய்ததால், சனிக்கிழமைகளில் பெரகல சந்தியில் பஸ் ஏறிப் போக எனக்கு அனுமதி கிடைத்தது. அவளை விடவில்லை. வயசுப்பிள்ளை டவுனில் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவளுடைய லயத்து வீடுகளில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

கணக்குக் கேட்டால் பதில் சொல்கிற ஒரு தளத்தை அங்கேதான் தற்செயலாகக் கண்டேன். எங்கெங்கோ இருக்கிறவர்கள், முகம் தெரியாதவர்கள், சும்மாவே வந்து பதில் எழுதினார்கள். எல்லாம் ஆங்கிலம். முதல் தடவை கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு கணக்கை அப்படியே தட்டிப் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த சனிக்கிழமை ஓடிப்போய்ப் பார்த்தால், ‘நீ இதுவரை என்ன செய்து பார்த்தாய்?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வாரமாக நான் வாய் திறக்காததால் கேள்வியைப் பூட்டியும் விட்டார்கள். வெட்டிப்பேச்சு வேண்டுமானால் மணிக்கணக்கில் பேசுவார்கள் போல, ஒரு கணக்குக்கு ஒரு வாரம் பொறுக்க முடியாதா என்று எரிச்சல் வந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு முறை வைத்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டதும் வகுப்பிலேயே உட்கார்ந்து, எது வரைக்கும் செய்தோம், எந்த வரியில் மாட்டிக்கொண்டோம் என்று அவள் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவாள். அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்விகளை ஊகித்து அவற்றுக்கும் பதில் எழுதிவிடுவாள். நான் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலமாக்குவேன். அடுத்த வாரமே பதில் வந்திருக்கும். ‘நன்றாக யோசித்திருக்கிறாய்’ என்று சில நேரம் பாராட்டும் சேர்ந்து வரும். யோசித்தது அவள், தளத்தில் இருந்தது என் பெயர். விடைகளை மட்டும் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். பாராட்டுகளை எழுதவில்லை.

பரீட்சை வருடத்தில் எல்லைக் கணக்குகள் எங்களை வாட்டி எடுத்தன. x பூச்சியத்தை அணுகும்போது மேலேயும் பூச்சியம், கீழேயும் பூச்சியம் என்று நிற்கும். அவள் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்த முயற்சிக்கு, பூனைப் படம் வைத்திருந்த ஒருவர் இரண்டே வரியில் பதில் போட்டிருந்தார். மேலே இருக்கிற தொகுதியைத் தனியாக வகையிடு, கீழே இருக்கிற பகுதியைத் தனியாக வகையிடு, பிறகு பூச்சியத்தைப் போடு. அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னொருவர், ‘உங்கள் நாட்டுப் பரீட்சையில் இந்த வழியை ஏற்பார்களா என்று விசாரித்துக்கொள்’ என்று எழுதியிருந்தார். கணிதத்தில் நாடு எங்கே வந்தது என்று நினைத்தேன். நானா வேறு, "டைம் முடியிது தங்கச்சி" என்று குரல் கொடுத்தார். அந்த வரியைக் கொப்பியில் எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவளுக்குக் காட்டினேன். பழைய வினாத்தாள்களில் இருந்த எல்லைக் கணக்குகளை எல்லாம் ஒரு பாடவேளைக்குள் முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னடி இது, வெள்ளக்காரன் இவ்வளவு நாளா இத ஒளிச்சி வச்சிருந்தானா?" என்றாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பதுளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கு வைத்தார்கள். இரண்டு பேரும் போவதாகத்தான் இருந்தது. அதற்கு முதல் நாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அவளுடைய அம்மாவைக் குளவி கொட்டிவிட்டது. முகமெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் அம்மாவோடு நின்றுவிட, நான் தனியாகப் போனேன்.

நடத்தியவர் வடக்கிலிருந்து வந்த ஆசிரியர்; விடைத்தாள் திருத்துகிறவர் என்று பேசிக்கொண்டார்கள். எல்லைக் கணக்கு வந்ததும் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சில பிள்ளையள் மேலயும் கீழயும் வகையிட்டுப் போட்டு விடையைக் கொண்டு வருவினம். விடை சரியா வரும். ஆனா அது உங்கட பாடத்திட்டத்தில இல்லை. புள்ளி கிடையாது." பிறகு நீண்ட வழியைப் படிப்படியாகச் செய்து காட்டினார். ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில், ஊர் போய்ச் சேர்ந்ததும் அவளிடம் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஹப்புத்தளையைத் தாண்டும்போது கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியாத பனி. எங்கள் மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒதுக்கப்படுகிற இடங்கள் கொஞ்சம். அந்த வரிசையில் அவள் எனக்கு முன்னால் நிற்பாள் என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஒரேயொரு கணக்குதானே, அவளுக்கு அது இல்லாமலே கிடைக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பொய். எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைக்க இத்தனை வருடமாக முயன்றும் முடியவில்லை.

மறுநாள் அவள், "என்னடி சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள். அம்மாவைப் பார்த்துப் பார்த்துத் தூங்காத கண்கள். விஷயம் வாய் வரைக்கும் வந்தது.

"நமக்குத் தெரிஞ்சதுதான்" என்றேன்.

பரீட்சையில் எல்லைக் கணக்கு வந்தது. நான் ஆசிரியர் காட்டிய வழியில் ஒரு பக்கம் எழுதினேன். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவள் என் தோளைப் பிடித்து உலுக்கி, "ரெண்டே வரி! நீயும் அப்படித்தானே செஞ்ச?" என்றாள். ஆமாம் என்றேன்.

எனக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. அவள் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். எங்கே பிழைத்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். வருவது பாடத்துக்கு ஓர் எழுத்தும் மொத்தத்துக்கு ஒரு புள்ளியும்தான். அவள் அழவில்லை. வினாத்தாளை எடுத்து வைத்து, எந்தக் கணக்கில் விட்டிருப்பாள் என்று என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லைக் கணக்கு வந்ததும், "இதுல பிழையே இல்ல" என்று அடுத்ததற்குப் போனாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாளே என்ற பயத்தில் மென்று விழுங்கிவிட்டேன்.

நான் பல்கலைக்கழகம் போனேன். அவள் தனியாகப் படித்து இரண்டாம் தடவை எழுதினாள். அங்கே எனக்கு எந்த நேரமும் இணையம் இருந்தது. அந்தத் தளத்தில் யார் யாருக்கோ பதில் எழுதினேன். நன்றி என்று எழுதினார்கள். அவளுக்கு ஒரு கடிதம் எழுதவில்லை.

இரண்டாம் முடிவும் வந்த பிறகு விடுமுறையில் அவளைப் பார்க்கப் போனேன். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைப் பார்க்கிற வேலையில் சேர்ந்திருந்தாள். இரண்டு தொட்டில்களை மாறி மாறி ஆட்டிக்கொண்டே பேசினாள். இந்தத் தடவையும் கொஞ்சத்தில் போய்விட்டதாம். மூன்றாம் தடவை எழுதச் சொன்னேன்.

"இல்லடி, போதும். அம்மாவுக்கும் முடியல" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சிரித்தாள். "ஒண்ணு மட்டும் சொல்லணும். நீ டவுன்ல இருந்து கொண்டாந்து குடுத்தியே அந்த வழி, அது எனக்கு ரெண்டு தடவையும் கை குடுத்துச்சு. வேற எதுலயோதான் விட்டிருக்கேன்."