கன்னியம்மாள் சொல்லாத பேர்

கனகம்மாசத்திரத்திலிருந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கன்னியம்மாள், புருஷனோடு சேர்த்து ஒரு வம்பையும் கட்டிக்கொண்டாள். அவர் பெயர் தணிகாசலம். கட்டினவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் அவள். அந்தப் பெயரில் பாதி ஊர்ப் பெயரிலேயே உட்கார்ந்திருந்தால் பாவம், என்னதான் செய்வாள்?

தாய்வீட்டிலிருந்து திரும்பும்போது கண்டக்டரிடம், "மலையூருக்கு ஒண்ணு குடுங்க" என்பாள். அது திருப்பதி வரை போகிற பஸ். கல்யாணமான புதிதில், அறுபத்திரண்டு வாக்கில், விவரம் தெரியாத கண்டக்டர் ஒருவர் திருப்பதிக்கே டிக்கெட் கிழித்துவிட்டார். அதைக் கேட்டுத் தணிகாசலம் வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னாமே, ஒரு தபா சொல்லித்தான் பாரேன். நாக்கு வெந்தா பூடும்?" என்று அன்று முழுக்கச் சீண்டினார். "போங்க மாமா" என்று அவள் அடுப்பங்கரைக்குள் ஓடிவிட்டாள்.

அவர் ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். ரயில் வந்து நின்றதும் போர்ட்டர் சடகோபன், "தணிகாசலம், சவாரி!" என்று குரல் கொடுப்பார். இவர் பெட்டிக்குள்ளேயே ஏறி மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். சவாரி இல்லாத சாயங்காலங்களில் கன்னியம்மாளை வண்டியில் ஏற்றிக் குளத்தங்கரை வரை ஒரு சுற்று சுற்றிவருவார். வெட்கமாக இருந்தாலும் அவள் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இழுத்துக்கொண்ட கையும் காலும் மெல்லத் தேறின, ஞாபகம் தேறவில்லை. மறுவருஷம் இன்னொரு தடவை லேசாக இழுத்தது, அதோடு இன்னும் கொஞ்சம் போயிற்று. மூளைக்கு ரத்தம் போகிற வழி அடைபட்டதால் வந்த வினை, போனது திரும்பாது என்றார் டாக்டர். குதிரையை விற்றதை மறந்தார். சாப்பிட்டதை மறந்தார். கடைசியில் அவளையே, "நீ யாரும்மா, எந்த ஊரு?" என்று கேட்டார். மற்றதெல்லாம் போகட்டும், என்னையுமா மறப்பார் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அவர் வாயால் ஒரு தரம் தன் பெயரைக் கேட்டுவிட்டால் போதும் என்று தினமும் மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால் ஆளைக் காணோம். எங்கே போயிருப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? ரயிலடிக்கு ஓடினாள். ரேணிகுண்டா போகிற ரயிலில் ஏறி, வாசலில் நின்று உள்ளே மூட்டை தேடிக்கொண்டிருந்தார். விசில் ஊதியாகிவிட்டது. ரயில் கிளம்பிவிட்டால் போகிற இடத்தில் தன் ஊரைக்கூடச் சொல்லத் தெரியாத மனுஷன்.

"மாமா! எறங்குங்க மாமா!"

திரும்பவில்லை.

"இந்தாங்க, உங்களத்தான்!"

ம்ஹூம். பெட்டி அசைந்தது. கன்னியம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள். "தணிகாசலம், சவாரி!"

"ஆங், வந்துட்டேன்" என்று அவர் இறங்கிவிட்டார். ரயில் அவரைத் தாண்டிப் போனது.

அவளை மேலும் கீழும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "யாரும்மா நீ? பொம்பள, பேரச் சொல்லிக் கூப்புடுற? என் சம்சாரம் இத்தினி வருசத்துல ஒரு தபா சொன்னதில்ல, தெரியுமா?"

அவள் ஓரடி கிட்டே வந்தாள். "அவுங்க பேரு இன்னாங்க?"

"கன்னிம்மா" என்றார், யோசிக்காமலே. "வூட்ல காத்துகினு இருப்பா. நான் போவணும்."

பொலபொலவென்று வந்த கண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "வாங்க, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அவர் கையை உருவிக்கொண்டார். "தள்ளி வாம்மா. அவ பாத்தா இன்னா நெனப்பா?"

கன்னியம்மாள் தள்ளியே நடந்தாள்.