நோன்பு மாதத்தில் ஒரு பகல் சாப்பாடு

கிளினிக்கில் எடை பார்க்கும்போது எல்லோரும் செருப்பைக் கழற்றி, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏறுவார்கள். நான் கைப்பையோடு ஏறிப் பார்த்தேன். தாதி சிரித்துக்கொண்டே அதை வாங்கி வைத்துக்கொண்டார். ஐந்து மாதம் முடிந்திருந்தது. எடை போன முறையைவிடக் குறைந்திருந்தது.

டாக்டர் தமிழ்ப் பெண். ஸ்கேன் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்: "குழந்தை சின்னதா இருக்கு. இப்படியே போனா கருவளர்ச்சிக் குறைவு ஆயிடும் (வயிற்றுப் பிள்ளை மாதத்துக்கு ஏற்ற எடை கூடாமல் நின்றுவிடுவது). ரத்தமும் கம்மி. புவாசா வைக்கிறீங்களா?"

மலாய்ச் சொல்லில் நோன்பைத்தான் கேட்டார். ரமலான் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

"வைக்கல டாக்டர்."

"அப்புறம் ஏன் சாப்பிடல?"

கிள்ளானில் எங்கள் வீட்டில் மாமா, மாமி, கணவர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி எல்லோரும் நோன்பு. அண்ணனும் தம்பியும் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். "புள்ளத்தாச்சிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கான், நீ சாப்பிடும்மா" என்று முதல் நாளே மாமி சொல்லிவிட்டார். யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

இத்தனை நோன்பாளிகள் இருக்கும் வீட்டில் ஒரு முட்டையைப் பொரித்தால் அந்த வாசனை எங்கே போகும்? சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று இரண்டு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து விழுங்கிவிட்டு, "சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிடுவேன். நோன்பும் இல்லை, சாப்பாடும் இல்லை. வெறும் பட்டினி!

அன்று சாயங்காலம் கணவரின் அண்ணன் மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். ராத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எங்களில் அக்காவை அப்படித்தான் அழைப்போம். கிள்ளானில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்கிறவர்.

"அடிப்பாவி, பிஸ்கட் தின்னா புள்ள வளருமா? நாளைக்கு லஞ்சுக்கு நான் வரேன், இரு."

மறுநாள் மதிய வெயிலில் குடையோடு வந்து நின்றார். நோன்பு மாதத்திலும் துணிக்கடையில் சாப்பாட்டு நேரம் உண்டு. மற்றவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் கண்ணயர்வார்கள். ராத்தா வீட்டுக்கு வந்து மீன் ஆணம் (குழம்பு) வைத்து, முருங்கைக்கீரை வதக்கி, முட்டை அவித்து, எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"ராத்தா, நீங்க நோன்பு. இந்த வாசனை..."

"நோன்பு வயித்துக்குத்தான், மூக்குக்கு இல்ல. பேசாம தின்னு."

உப்புப் பார்க்க நுனி நாக்கில் வைத்துத் துப்பலாம் என்பார்கள். ராத்தா அதையும் செய்யமாட்டார். ஒரு நாள் ஆணம் கரிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும். "உப்பு எப்படி?" என்பார். "சரியா இருக்கு" என்பேன்.

"பொய் சொல்லாத. ஜக் தண்ணியையும் குடிச்சு முடிச்சிட்டியே, கரிக்குதுல்ல?"

அவருடைய உதடு காய்ந்து தோல் உரிந்திருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு அழுகை முட்டும். அவரோ என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைப்பார். பெருநாள்வரை ஒரு வேலைநாள்கூடத் தவறாமல் வந்தார். இப்படி ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த பரிசோதனையில் கைப்பை இல்லாமலே எடை ஏறியிருந்தது. பிள்ளையும் வளர்ந்திருந்தாள். "பரவால்லையே, என்ன லா சாப்பிட்டீங்க?" என்றார் டாக்டர். "உப்பு கூடின ஆணம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கர்ப்பத்தில் எடை ஏறாமல் தவிக்கும் சகோதரிகளே, என்ன சாப்பிட வேண்டும் என்பதை டாக்டர் சொல்வார். தனியாகச் சாப்பிட முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் வீட்டில் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

மகள் பிறந்து, குழைத்த சோறு தின்னத் தொடங்கியபின், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கழா நோன்பு (விட்ட நோன்பை வேறு நாளில் வைப்பது) வைத்தேன். முதல் நாள் நோன்பு தொடங்குமுன் சாப்பிட, விடியுமுன் எழுந்து போனால், சமையலறையில் ராத்தா எனக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குத்தான் கழா ஒண்ணும் இல்லையே ராத்தா?"

"இல்லதான். அதுக்காக நீ ஒத்தையா வைப்பியா?"

அன்று பகல் வீட்டில் எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் மகளுக்குச் சோறு ஊட்டினேன். உப்பு எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவள் வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். அந்த மதியம் நீளமாக இருந்தது; ஆனால் பசி வலிக்கவில்லை. என் வயிறு காலியாக இருந்தும் நான் நிறைந்திருந்தேன். போன வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த ராத்தாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் தின்று, ராத்தா காய்ச்சிய கஞ்சியை வாயில் வைத்தேன். உப்பே போடவில்லை.

"எப்படி?" என்றார்.

"சரியா இருக்கு ராத்தா."

அவரும் ஒரு வாய் குடித்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்துவிட்டாள்.